விண்டோஸ் அப்டேட்டை நிறுத்துவதா, அதற்குத் தேதி குறிப்பதா?

கேள்வி: கரூரில் வீட்டிலிருந்தபடியே ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்து கொடுத்து வருகிறேன். விண்டோஸ் 11 ஹோம் பதிப்புள்ள மடிக்கணினி ஒன்றுதான் தொழிலுக்கு ஆதாரம். சென்ற ஆண்டு ஒரு 20ஆம் தேதி இரவு, மூன்று வாடிக்கையாளர்களின் வரிக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி பாக்கி இருந்த நேரத்தில், கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகி அப்டேட்டில் உட்கார்ந்துவிட்டது. நள்ளிரவுக்குள் தாக்கல் முடியவில்லை. தாமதக் கட்டணத்தை என் கையிலிருந்து கட்டினேன். மறுநாளே அருகிலுள்ள கடையில் கொடுத்து அப்டேட்டை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டேன். அதன்பின் எட்டு மாதங்களாகத் தொந்தரவு இல்லை. 2025 அக்டோபரில் அப்டேட் போட்ட நண்பர்கள் சிலருக்கு டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையொப்பம் வேலை செய்யாமல் போனது. 2024இல் உலகமெங்கும் கணினிகள் முடங்கி நீலத்திரை வந்து விமானங்கள் நின்றதையும் பார்த்தோம். செய்தது சரிதான் என்று இருந்தேன். ஆனால் கல்லூரியில் படிக்கும் என் மகள் இது ஆபத்து என்கிறாள். இப்படியே விட்டுவிடலாமா? விண்டோஸ் 10 உள்ள பழைய மேசைக்கணினி ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதை என்ன செய்வது? இணையம் பெரும்பாலும் செல்போன் ஹாட்ஸ்பாட்தான்.

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி, இப்படியே விட்டுவிடக் கூடாது. ஆனாலும் உங்களை அந்த முடிவுக்குத் தள்ளிய காரணம் அற்பமானதன்று. கெடு முடியும் இரவில், வேலை செய்துகொண்டிருப்பவரின் கையிலிருந்து அவருடைய சம்மதம் இல்லாமல் கணினியைப் பறித்துக்கொள்வதை யாரும் நியாயப்படுத்த முடியாது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வெளிவந்தபோது, ஹோம் பதிப்பை வாங்கியவர்களுக்கு அப்டேட்டைத் தள்ளிவைக்க முறையான வசதி எதுவும் தரப்படவில்லை. தாம் கேட்காமலேயே விண்டோஸ் 10க்கு மாற முயன்று தம் அலுவலகக் கணினி முடங்கிப்போனதாக வழக்குத் தொடுத்த கலிபோர்னியப் பயண முகவர் ஒருவருக்கு, 2016இல் மைக்ரோசாஃப்ட் 10,000 டாலர் கொடுக்க நேர்ந்தது. 2019 மே மாதம் வந்த, விண்டோஸ் 10இன் 1903 என்ற எண்ணுள்ள பதிப்பில்தான் ஹோம் பயனர்களுக்கும் அப்டேட்டை 35 நாள்வரை நிறுத்திவைக்கும் வசதி கிடைத்தது. அந்த வசதி உங்கள் மடிக்கணினியிலும் இருக்கிறது. கடையில் அதைக் காட்டிக் கொடுத்திருந்தாலே உங்கள் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும்.

என் ஆலோசனை இதுதான்: அப்டேட்டைத் தடுக்க வேண்டாம், அது எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். உங்கள் தொழிலுக்கு அந்தத் தேதி ஒவ்வொரு மாதமும் 23 என்பது என் கணக்கு. அதற்கு எப்படி வந்தேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். காரணம் புரிந்தால்தான் எந்த மாதத்தில் அந்தக் கணக்கை மீற வேண்டும் என்பதும் உங்களுக்குப் புரியும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுக்கும் நிலை வந்ததே, அதற்குக் காரணம் விண்டோஸ் அப்டேட் அன்று. பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கும் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் தனக்குத்தானே இறக்கிக்கொண்ட ஒரு கோப்பில் இருந்த பிழைதான் சுமார் 85 லட்சம் கணினிகளை விழச் செய்தது. அந்தக் கணினிகளில் விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தாலும் நீலத்திரை வந்திருக்கும். உங்கள் வீட்டுக் கணினியில் அந்த மென்பொருளே கிடையாது என்பதால் அந்த நிகழ்வை உங்கள் கணக்கிலிருந்து முழுவதுமாக நீக்கிவிடலாம்.

டிஎஸ்சி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது வேறு வகை. அதற்கு ஆதாரம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று வெளியான அப்டேட், ஸ்மார்ட் கார்டில் இருக்கும் சான்றிதழ்களை விண்டோஸ் கையாளும் முறையைப் பாதுகாப்புக் காரணத்துக்காக மாற்றியது. பழைய முறையையே நம்பியிருந்த சில மென்பொருள்களில் ஆவணங்களுக்குக் கையொப்பமிட முடியாமல் போனது. மைக்ரோசாஃப்டும் இதை ஒப்புக்கொண்டு மாற்று வழியை வெளியிட்டது. நாம் பயன்படுத்தும் டிஎஸ்சி டோக்கனும் அடிப்படையில் யுஎஸ்பி வடிவில் உள்ள ஒரு ஸ்மார்ட் கார்டுதான் என்பதால், உங்கள் நண்பர்களுக்கு நேர்ந்ததும் அதுவாக இருந்திருக்கலாம். அதே அப்டேட்டில் இன்னொரு கோளாறும் இருந்தது. கணினி கிளம்பாதபோது வரும் மீட்புத் திரையில் யுஎஸ்பி விசைப்பலகையும் மவுஸும் வேலை செய்யவில்லை. அதற்கான திருத்தம் அக்டோபர் 20 அன்று, அதாவது ஆறாம் நாள், வந்துவிட்டது.

அந்த ஆறு நாள் என்ற இடைவெளியைக் கவனியுங்கள். 2018 அக்டோபர் 2 அன்று வெளியான விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு, சிலருடைய டாக்குமெண்ட்ஸ் கோப்புறையில் இருந்த கோப்புகளையே அழித்தது. நான்காம் நாள் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள், சரிசெய்யப்பட்ட பதிப்பு நவம்பர் 13 அன்றுதான் வந்தது. 2021 மார்ச் 9 அன்று வந்த அப்டேட்டுக்குப் பிறகு, சில வகைப் பிரிண்டர்களுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்தவுடன் நீலத்திரை வந்தது. ஆறாம் நாளான மார்ச் 15 அன்று திருத்தம் வெளியானது. மோசமான அப்டேட்கள் உண்மையிலேயே வந்திருக்கின்றன, இனியும் வரும். ஆனால் கணினியையே முடக்கும் அளவுக்கு மோசமானவை பெரும்பாலும் முதல் ஒரு வாரத்திலேயே உலகம் முழுவதும் பேசப்பட்டு, திரும்பப் பெறப்பட்டுவிடும் அல்லது திருத்தப்பட்டுவிடும். எனவே எட்டு மாதம் காத்திருந்ததால் நீங்கள் கூடுதலாகப் பெற்ற பாதுகாப்பு ஏதுமில்லை. அந்த நன்மை முழுவதும் முதல் பத்து நாள்களிலேயே கிடைத்துவிடுகிறது.

மறுபக்கம், காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபத்து கூடுகிறது. மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளியானவுடன், அந்த ஓட்டை எங்கே இருந்தது என்பதும் வெளியாகிவிடுகிறது என்பதுதான் இதற்குக் காரணம். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த இடத்தில் எந்தச் சோதனை புதிதாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது தேர்ந்த ஒருவருக்குத் தெரிந்துவிடும். அதைக் கண்டுபிடித்தவர்கள், இன்னும் அப்டேட் போடாதவர்களைத் தேடிப் போவார்கள். 2017 மார்ச் 14 அன்று, விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அடைப்பு வெளியிட்டது. சரியாக 59 நாள் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக வானாகிரை என்ற தீநிரல் பரவி, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் மட்டும் 19,000க்கும் மேற்பட்ட மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. அங்கே பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை காலாவதியான பழைய விண்டோஸ் அல்ல. அப்போது ஆதரவில் இருந்து, அப்டேட்டும் கிடைத்து, அது போடப்படாமல் விடப்பட்ட விண்டோஸ் 7 கணினிகள் அவை. உங்கள் மடிக்கணினி இன்று இருப்பதும் அதே நிலையில்தான்.

எட்டு மாதமாகத் தொந்தரவு இல்லை என்கிறீர்கள். ரீஸ்டார்ட் தொந்தரவு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கணினியில் இருப்பவை உங்களுடைய கோப்புகள் மட்டுமல்ல. வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம், ஜிஎஸ்டி தளத்துக்கான கடவுச்சொல், கொள்முதல், விற்பனைப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணத்தை உங்கள் கையிலிருந்து கட்டி நீங்கள் காப்பாற்றிய நம்பிக்கை, அந்தக் கோப்புகள் களவு போனால் எந்தக் கட்டணத்தாலும் திரும்ப வராது.

இனித் தேதிக் கணக்குக்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்தரப் பாதுகாப்பு அப்டேட்டை 2003 முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அன்று வெளியிடுகிறது. அது 8ஆம் தேதிக்கும் 14ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாவதால் நமக்கு அது அன்றிரவு 10.30 அல்லது 11.30 மணி, நம் ஊர்க் கணினிகள் அதை இறக்கத் தொடங்குவது பெரும்பாலும் மறுநாள் புதன்கிழமை. இப்போது உங்கள் நாள்காட்டியைப் பாருங்கள். 11ஆம் தேதி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி, காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் தமிழ்நாட்டு வணிகர்களுக்கு 22ஆம் தேதி. அப்டேட் வந்து இறங்கி, ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்து, நாம் கவனிக்காத ஒரு நேரத்தில் தானே செய்துகொள்ளும் அந்த ஒன்றரை வாரமும், உங்கள் தொழிலின் மிக நெருக்கடியான நாள்களும் மாதந்தோறும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. சென்ற ஆண்டு உங்களுக்கு நேர்ந்தது துரதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. தேதி குறிக்காமல் விட்டால் எந்த மாதமும் அது நேரலாம்.

23ஆம் தேதி என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அப்டேட் வெளியாகி 9 முதல் 15 நாள் ஆகியிருக்கும். மோசமானது என்றால் அதற்குள் தெரிந்திருக்கும்; கெடுக்களும் முடிந்திருக்கும்; அடுத்த மாதக் கெடுவுக்கு முன் ஏதேனும் கோளாறு வந்தால் சரிசெய்ய இரண்டு வாரம் கையில் இருக்கும். மிகவும் தாமதமும் இல்லை. ஏற்கெனவே தாக்குதலுக்கு உள்ளாகிவரும் ஓட்டைகளை அடைக்க அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு தன் அரசு அலுவலகங்களுக்கே பெரும்பாலும் மூன்று வாரம் கொடுக்கிறது. நீங்கள் அதற்கு உள்ளேயே இருப்பீர்கள்.

இதை நடைமுறைப்படுத்துவது எளிது. மாதத்தின் 5ஆம் தேதி வாக்கில் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய், 'பாஸ் அப்டேட்ஸ்' என்ற இடத்தில் மூன்று வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். 26ஆம் தேதிவரை அப்டேட் எதுவும் வராது. 23ஆம் தேதி வேலை முடிந்த மாலையில் அதே பக்கத்தில் 'ரெஸ்யூம் அப்டேட்ஸ்' பொத்தானை அழுத்தி, வருவதை வாங்கிக்கொண்டு, நீங்களே ரீஸ்டார்ட் கொடுத்து, கணினி மீண்டும் கிளம்பிய பிறகு டிஎஸ்சி டோக்கனைச் செருகிக் கையொப்பம் வேலை செய்கிறதா, பிரிண்டர் ஒரு பக்கம் அச்சிடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள்; டோக்கன் வேலை செய்யவில்லை என்பது 23ஆம் தேதி தெரிந்தால் அது ஒரு வேலை, 11ஆம் தேதி தெரிந்தால் அது நெருக்கடி. நிறுத்திவைக்கும் கால வரம்பு முடிந்துவிட்டால் நிலுவையில் உள்ள அப்டேட்டைப் போட்ட பிறகுதான் மறுபடி நிறுத்திவைக்க முடியும் என்பது விதி. மாதந்தோறும் 23 அன்று போட்டுவிடுபவருக்கு அந்த விதி தடையாகவே இராது.

அதே பக்கத்தில் 'கெட் தி லேட்டஸ்ட் அப்டேட்ஸ் ஆஸ் சூன் ஆஸ் தே ஆர் அவைலபிள்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது அணைந்தே இருக்கட்டும். மாதத்தின் நான்காம் வாரத்தில் வரும், 'ப்ரிவியூ' என்று பெயரிட்ட விருப்பத்துக்குரிய அப்டேட்களும் உங்களுக்குத் தேவையில்லை. அவை அடுத்த மாத அப்டேட்டின் முன்னோட்டங்கள், பாதுகாப்பு அடைப்புகள் அல்ல. பிறகு 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்பதைத் தானியங்கியிலிருந்து மாற்றி, நீங்களே காலை 6 முதல் நள்ளிரவு 12 வரை என்று குறியுங்கள். அதற்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்சம் 18 மணி நேரம். அந்த நேரத்துக்குள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ரீஸ்டார்ட் தேவைப்படும்போது அறிவிப்புக் காட்டும் சுவிட்சையும் போட்டுவையுங்கள்.

ஹாட்ஸ்பாட் பற்றி. அந்த வைஃபை இணைப்பின் பண்புகளில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிட்டால், பெரும்பாலான அப்டேட்கள் அந்த இணைப்பில் இறங்காது. செல்போன் டேட்டா மிச்சமாகும். ஆனால் எல்லா நாளும் ஹாட்ஸ்பாட் மட்டுமே என்றால் இதுவும் சத்தமில்லாத ஒரு தடையாக மாறிவிடும். 23ஆம் தேதிக்கு பிராட்பேண்ட் உள்ள உறவினர் வீடோ நண்பரின் அலுவலகமோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இல்லையெனில் அன்று ஒருநாள் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பகுதியில் இணையத்திலுள்ள பிற கணினிகளோடு அப்டேட்டைப் பகிர்வது போடப்பட்டிருந்தால் அதையும் அணைத்துவிடலாம்.

இவ்வளவும் செய்வதற்கு முன், கடையில் செய்ததை அவிழ்க்க வேண்டும். இங்கேதான் சற்றுக் கவனம் தேவை. விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்தினால் அதைத் திரும்ப எழுப்பிவிடும் இன்னொரு சேவை விண்டோஸிலேயே இருக்கிறது. ஆகையால் அடியோடு நிறுத்தித் தருகிறேன் என்பவர்கள் அதோடு நிற்பதில்லை. விண்டோஸின் உள்ளமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியை மாற்றுவார்கள், இணைய முகவரிகளைத் திருப்பிவிடும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் மைக்ரோசாஃப்டின் முகவரிகளைத் தடுப்பார்கள், அல்லது யாரோ எழுதிய 'அப்டேட் பிளாக்கர்' ஒன்றை நிர்வாகி அதிகாரத்தோடு இயக்கிவிட்டுப் போவார்கள். அந்தக் கடைசி வகைதான் எனக்குக் கவலை தருவது. யார் எழுதியது, என்ன செய்கிறது என்று தெரியாத ஒரு மென்பொருளுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுத்து, அதே நேரத்தில் பாதுகாப்பு அடைப்புகளையும் நிறுத்துவது, வாடிக்கையாளர் கோப்புகள் உள்ள கணினியில் ஒருபோதும் செய்யக் கூடாத காரியம்.

தேடல் பெட்டியில் சர்வீசஸ் என்று தட்டச்சு செய்து திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்' என்பதைப் பாருங்கள். 'டிசேபிள்டு' என்று இருந்தால், அதன் தொடக்க வகையை 'மேனுவல்' என்று மாற்றுங்கள். விண்டோஸ் 11இல் அதன் இயல்பு நிலை அதுதான். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எதையாவது இறக்கும்போது 0எக்ஸ்80070422 என்ற பிழை எண் வந்திருந்தால் காரணம் இதுவே. ஸ்டோரும் அதே சேவையைத்தான் நம்பியிருக்கிறது. விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டருக்குப் புதிய வைரஸ் விவரங்கள் வழக்கமாக வந்து சேரும் வழியும் இதுதான் என்பதால், அதில் கடைசியாக எந்தத் தேதியில் விவரம் வந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சேவையை மாற்றிய பிறகும் அப்டேட் பக்கம் பிழை காட்டினால், ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸ் 11ஐ நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள செட்டப்பை இயக்கி, கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்க, விண்டோஸ் மட்டும் புதிதாகப் பதிந்துகொள்ளும்.

உங்களுக்கு அந்த வழியே தேவைப்படலாம் என்று நினைக்கிறேன். தேடல் பெட்டியில் 'வின்வெர்' என்ற கட்டளையைக் கொடுத்தால் பதிப்பு எண் தெரியும். எட்டு மாதத்துக்கு முன் நிறுத்தப்பட்ட கணினி என்பதால் 23எச்2 என்று இருக்க வாய்ப்புண்டு. ஹோம் பதிப்புக்கு அதன் ஆதரவு 2025 நவம்பர் 11 அன்றே முடிந்துவிட்டது. 24எச்2வின் ஆதரவும் 2026 அக்டோபர் 13 வரைதான். அப்படியென்றால் நீங்கள் 25எச்2வுக்கு நேராகப் போவதே நல்லது. அது சில ஜிகாபைட் இறக்க வேண்டிய வேலை, ஹாட்ஸ்பாட்டுக்கு உகந்ததன்று. ஏற்கெனவே 24எச்2 இருந்தால் வேலை மிகவும் சுலபம். விட்டுப்போன எட்டு மாத அப்டேட்டையும் வரிசையாகப் போட வேண்டுமோ என்று அஞ்ச வேண்டாம், ஒவ்வொரு மாத அப்டேட்டும் முந்தைய எல்லாவற்றையும் தன்னுள் கொண்டிருப்பதால் கடைசி ஒன்று போதும்.

இந்த முதல் வேலைக்குக் கெடு எதுவும் இல்லாத ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். தொடங்குமுன் எல்லாக் கோப்புகளையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, எடுத்ததும் அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். கணினியோடு செருகியே இருக்கும் பேக்கப்பை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். டாலி பயன்படுத்தினால் அதன் பேக்கப்பையும் தனியாக எடுங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இடம் இருக்கட்டும். சார்ஜரைச் செருகியே வையுங்கள்.

இன்னொன்று, பலரும் மறப்பது. இப்போதைய மடிக்கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டுக் குறியீடு செய்யப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சில கணினிகள் கிளம்பும்போதே அந்தப் பூட்டைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிட்டன. 48 இலக்கமுள்ள அந்த எண், ஹோம் பதிப்பில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அப்டேட்டுக்கு முன்பே உலாவியில் அந்தக் கணக்கில் நுழைந்து, எண்ணைத் தாளில் எழுதிக் கணினிப் பையில் அல்லாமல் வேறிடத்தில் வைத்துவிடுங்கள். கணக்கின் கடவுச்சொல்லே மறந்துபோயிருந்தால், அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த வேலை.

அப்டேட் ஒன்று போட்டபின் கோளாறு வந்தால் திரும்பிப் போக வழி இருக்கிறது. விண்டோஸ் அப்டேட் பக்கத்தின் 'அப்டேட் ஹிஸ்டரி'க்குள் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்று இருக்கும். கடைசி மாத அப்டேட்டை அங்கிருந்து நீக்கிவிட்டு, உடனே ஒரு வாரத்துக்கு நிறுத்திவைத்தால் அது மறுபடி வந்து ஏறாது. பதிப்பே மாறியிருந்தால் பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாகப் பத்து நாள் அவகாசம். கணினி கிளம்பவே இல்லை என்றால், கிளம்பும் முயற்சி தொடர்ந்து சில முறை தோற்றபின் மீட்புத் திரை தானே வரும். அதில் 'ட்ரபிள்ஷூட்' வழியாகப் போனால் அப்டேட்டை நீக்கும் வாய்ப்பு அங்கும் உண்டு. மேலே சொன்ன மீட்பு எண் அங்கேயும் கேட்கப்படலாம். சதவீதம் நகராமல் நின்றுவிட்டது போலத் தோன்றும்போது பொறுமையிழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான் மிகுதியான கணினிகளைக் கெடுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தான் பயன்படுத்தும் கோப்புகளைத் தானே மாற்ற முடியாது என்பதால்தான் ரீஸ்டார்ட்டின்போது அந்த மாற்றம் நடக்கிறது, அதன் நடுவில் மின்சாரம் போனால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நின்றுவிடும்.

23ஆம் தேதிக் கணக்கை மீற வேண்டிய மாதங்களும் உண்டு. இரண்டாம் செவ்வாய்க்குக் காத்திராமல் மைக்ரோசாஃப்ட் இடையில் அவசரமாக ஒரு பாதுகாப்பு அப்டேட்டை வெளியிட்டால், ஓட்டை ஏற்கெனவே பயன்படுத்தப்படுகிறது அல்லது பயன்படுத்தும் முறை வெளியாகிவிட்டது என்றே பொருள் கொள்ள வேண்டும். 2021 ஜூலை 6 அன்று அச்சுச் சேவையில் இருந்த 'பிரிண்ட்நைட்மேர்' ஓட்டைக்கு வந்தது அப்படிப்பட்டது. அத்தகைய நேரத்தில் நம் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் எச்சரிக்கை வெளியிடும், செய்தித்தாள்களிலும் வரும். அப்போது கெடு நாளாக இல்லாத முதல் மாலையிலேயே போட்டுவிடுங்கள். குரோம், எட்ஜ் போன்ற உலாவிகளின் அப்டேட் விண்டோஸ் அப்டேட்டோடு சேராதது; அதற்குக் கணினியை ரீஸ்டார்ட் செய்யத் தேவையில்லை, உலாவியை மூடித் திறந்தால் போதும். அதை ஒருநாளும் தள்ளிவைக்க வேண்டாம், நீங்கள் வங்கித் தளத்தையும் ஜிஎஸ்டி தளத்தையும் திறப்பது அதில்தான். அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்திவைப்பதில் இவ்வாண்டு இன்னொரு இழப்பும் உண்டு. கணினி கிளம்பும்போதே நம்பகத்தன்மையைச் சோதிக்கும் 'செக்யூர் பூட்' வசதிக்கான 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் காலாவதியாகத் தொடங்குகின்றன. மாற்றுச் சான்றிதழ்கள் பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு வருவது விண்டோஸ் அப்டேட் வழியாகவே.

மாதந்தோறும் நிறுத்திவைத்து எடுப்பதை மறந்துவிடுவோம் என்று நினைத்தால், ஹோம் பதிப்பை ப்ரோ பதிப்பாக உயர்த்திக்கொள்ளலாம். அதில் 'குரூப் பாலிசி' மூலம் பாதுகாப்பு அப்டேட்டை 30 நாள்வரையும், பதிப்பு மாற்றத்தை 365 நாள்வரையும் தானாகவே தள்ளிவைக்கும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பத்து நாள் என்று வைத்துவிடாதீர்கள். சில மாதங்களில் அது சரியாக 20ஆம் தேதியிலேயே வந்து இறங்கும். 15 நாள் வைத்தால் 23க்கும் 29க்கும் இடையில் வரும். கெடுவுக்கு அஞ்சி வாழும் தொழிலுக்கு ப்ரோ பதிப்பின் விலை வீண் செலவு அன்று என்பது என் கருத்து. ஆனால் தேதியை நினைவில் வைத்திருப்பவருக்கு ஹோம் பதிப்பே போதும்.

கடைசியாக அந்த மேசைக்கணினி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆனால் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் கிடைக்கிறது. கணினி 22எச்2 பதிப்பில் இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைந்திருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்வதற்கான இணைப்பு தெரியும். கணினியின் அமைப்புகளை மேகக்கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. அதை விரும்பாதவர்கள் 30 டாலர் கட்டியோ 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுத்தோ பெறலாம். இந்த வாரமே பதிந்துவிடுங்கள். கூடவே மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற கருவியை இயக்கி, விண்டோஸ் 11க்கு அது தகுதியுள்ளதா என்று பாருங்கள், அதற்குத் தேவையான டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி சில கணினிகளில் இருந்தும், கணினி கிளம்பும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் அணைந்திருக்கும், அதைப் போட்டுவிட்டாலே தகுதி வந்துவிடுவதுண்டு. தகுதி இல்லையென்றால், அக்டோபருக்குப் பிறகு அந்தக் கணினி வங்கிக்கும் வரித்தளத்துக்கும் உதவாது. வாடிக்கையாளர் கோப்புகள் ஏதேனும் அதில் பழையபடி தங்கியிருந்தால், அவற்றை மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு அங்கிருந்து அழித்துவிடுங்கள்.